கணையப் புற்றுநோய் மருந்துகள்

இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் கிடக்கும் உறுப்பு கணையம். அங்கே வரும் புற்று பெரும்பாலும் பரவிய பிறகே பிடிபடுவதால், பலருக்கு அறுவை சிகிச்சைக்கு வழியிருப்பதில்லை. மிஞ்சுவது மருந்து. அதன் முன்னேற்றத்தை மாதக் கணக்கில்தான் எண்ண வேண்டியிருக்கிறது.

முதலில் வந்தது ஃபுளூரோயூராசில். புற்றுச் செல்கள் யூராசிலை மிகுதியாக உறிஞ்சுவதை அறிந்த சார்ல்ஸ் ஹைடல்பெர்கர், அதில் ஒரு ஃபுளூரின் அணுவைப் பொருத்தினார். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1957இல் நடந்த வேலை அது. இரை என்று நம்பிச் செல் விழுங்கும். டிஎன்ஏ உற்பத்தி முடங்கும். கணையத்தில் பலன் சொற்பமே. ஆனாலும் வேறு நாதியின்றி ஏறத்தாழ 40 ஆண்டுகள் அதுவே ஓடியது.

ஜெம்சிட்டபின் பிறந்தது வைரஸ் மருந்தாக. எலி லில்லி நிறுவனத்தில் 1980களின் தொடக்கத்தில் லாரி ஹெர்ட்டல் குழுவினர் உருவாக்கிய இது, ஆய்வகத்தில் இரத்தப் புற்றுச் செல்களைக் கொல்வது பிறகு தெரியவந்தது. கணையப் புற்று முற்றிய 126 பேரிடம் சோதித்தபோது, சராசரி (இடைநிலை) ஆயுள் 5.65 மாதம், ஃபுளூரோயூராசில் பெற்றவர்களுக்கு 4.41. வித்தியாசம் ஒன்றேகால் மாதம்கூட முழுதாக இல்லை. ஆனால் அந்த ஆய்வு கையிலெடுத்த அளவுகோல் புதிது: வலி குறைந்ததா, வலி மாத்திரை குறைந்ததா, எழுந்து நடமாட முடிகிறதா, எடை ஏறியதா? அந்த வகையில் தேறியவர்கள் 23.8 சதவீதம், மறுபுறம் 4.8. அமெரிக்க அரசு 1996இல் ஒப்புதல் தந்ததில் இந்தக் கணக்குக்குப் பெரும் பங்குண்டு.

2005இல் ஜெம்சிட்டபினுடன் எர்லோட்டினிப் என்ற மருந்து சேர்ந்தது. கூடுதலாகக் கிடைத்தது சுமார் 10 நாள். புள்ளியியல் மெச்சியது, மருத்துவர்கள் அவ்வளவாக மெச்சவில்லை.

உண்மையான தாவல் பிரான்சில் நிகழ்ந்தது. 2011இல் வெளியான ஃபால்ஃபிரினாக்ஸ் ஆய்வில் ஆயுள் 11.1 மாதத்தைத் தொட்டது, ஜெம்சிட்டபினுக்கு 6.8. இந்தக் கூட்டு மருந்தில் இரினோட்டிகான், ஆக்சாலிபிளாட்டின், லியூகோவோரின் ஆகியவற்றோடு, ஓரங்கட்டப்பட்ட அதே ஃபுளூரோயூராசிலும் உண்டு. பக்கவிளைவு கடுமை, உடம்பில் தெம்புள்ளவர்களே தாங்குவார்கள். மற்றவர்களுக்கு 2013 முதல் ஜெம்சிட்டபினுடன் அல்புமின் சேர்த்த பாக்லிடாக்செல் கைகொடுக்கிறது. அறுவை சிகிச்சை முடிந்தவர்களிடம் ஃபால்ஃபிரினாக்ஸின் சற்று மாற்றிய வடிவம் 54.4 மாத இடைநிலை ஆயுள் தந்ததை 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. ஜெம்சிட்டபின் பெற்றவர்களுக்கு அது 35 மாதம்.

மரபணுவைக் குறிவைத்த ஒலாபாரிப் 2019இல் வந்தது. பிஆர்சிஏ மரபணுக் கோளாறு பிறவியிலேயே உள்ள சிலருக்கே அது பொருந்தும். நோய் மீண்டும் தலைதூக்குவதைத் தள்ளிப்போட்டது, ஆயுளை நீட்டவில்லை. 90 சதவீதத்துக்கு மேற்பட்ட கணையப் புற்றுகளில் காணப்படுவதோ கேராஸ் மரபணு மாற்றம். மருந்து ஒட்டிக்கொள்ளப் பள்ளமே இல்லாத வழுவழுப்பான புரதம் என்று அதைப் பல்லாண்டுகள் கைவிட்டிருந்தார்கள். அதைத் தடுக்கும் டாராக்சான்ராசிப் இப்போது மூன்றாம் கட்ட மனிதச் சோதனை வரை சென்றிருக்கிறது.