உணவும் வளர்சிதைமாற்ற வேகமும்

உண்ட உணவை ஆற்றலாகவும் உடற்பொருளாகவும் மாற்றும் வேதிவினைகளின் தொகுப்பே வளர்சிதைமாற்றம் எனப்படும். சில உணவுகள் இதன் வேகத்தைக் கூட்டி உடல் எடையைக் குறைக்கும் என்பது பரவலான நம்பிக்கை. இதில் எவ்வளவு உண்மை என்பதை நான்கு நூற்றாண்டுகளாக நடந்த ஆய்வுகள் காட்டுகின்றன.

தொடக்க கால ஆய்வுகள்

இத்தாலிய மருத்துவர் சாண்டோரியோ சாண்டோரியோ, பெரிய தராசில் தொங்கவிட்ட நாற்காலியில் அமர்ந்து, தம் எடையையும் உண்டதையும் கழித்ததையும் பல ஆண்டுகள் நிறுத்துப் பார்த்தார். உட்கொண்டதில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாமலே உடலை விட்டு வெளியேறுகிறது என்று 1614இல் வெளிவந்த நூலில் எழுதினார். பிரான்சு நாட்டின் அந்துவான் லவாய்சியர் 1790ஆம் ஆண்டளவில், தம் ஆய்வுத் துணைவர் செகுவினின் மூச்சை அளந்தார். வெறும் வயிற்றில் இருப்பதைவிட, உண்ட பின்னரும் உழைக்கும்போதும் உடல் அதிக ஆக்சிசனைப் பயன்படுத்துவது தெரியவந்தது.

புரதத்தின் தனித்தன்மை

செருமானிய அறிஞர் மாக்சு ரூப்னர், உணவுக்குப் பின் உடலில் தோன்றும் வெப்பம் உணவின் வகையைப் பொறுத்தது என்பதை 1902இல் விரிவாக விளக்கினார். இன்றைய கணிப்பின்படி, செரிமானத்திற்கும் சேமிப்பிற்கும் புரதம் தன் ஆற்றலில் 20 முதல் 30 விழுக்காட்டையும், மாவுச்சத்து 5 முதல் 10 விழுக்காட்டையும், கொழுப்பு 0 முதல் 3 விழுக்காட்டையும் செலவழிக்கின்றன. கலப்பு உணவில் இது ஏறத்தாழ 10 விழுக்காடு. நாளொன்றுக்கு 2000 கிலோகலோரி உண்பவருக்கு இது சுமார் 200 கிலோகலோரி ஆகும். மிளகாயிலுள்ள கேப்சைசினும், காப்பி, தேநீரிலுள்ள காஃபீனும் வேகத்தைச் சிறிதளவே, சில மணி நேரமே கூட்டுகின்றன.

விபரீதமான குறுக்குவழி

வளர்சிதைமாற்றத்தைப் பெருமளவு கூட்டிய பொருளும் உண்டு. முதல் உலகப் போரின்போது பிரான்சில் வெடிமருந்து ஆலைகளில் பயன்பட்ட டைநைட்ரோபீனால், அங்கு வேலை செய்தோருக்குக் கடுங்காய்ச்சலையும் எடைக் குறைவையும் சிலருக்குச் சாவையும் தந்தது. உயிரணு சேமிக்க வேண்டிய ஆற்றலை அது வெப்பமாக வீணாக்குகிறது. இதை எடைக்குறைப்பு மருந்தாக்கும் ஆய்வு அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்திலிருந்து 1933இல் வெளிவந்ததும் விற்பனை பெருகியது. பலருக்குக் கண்புரை வந்தது. உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறிச் சிலர் இறந்தனர். 1938ஆம் ஆண்டின் அமெரிக்க உணவு, மருந்துச் சட்டம் அதன் விற்பனைக்கு முடிவு கட்டியது.

முடிவு

எனவே, உணவு வளர்சிதைமாற்றத்தைக் கூட்டுவது உண்மையே. ஆனால் அந்த அளவு சிறியது. ஒருவரின் நாள் ஆற்றல் செலவில் பெரும்பகுதி ஓய்விலும் இயங்கும் இதயம், மூளை, கல்லீரல் போன்ற உறுப்புகளுக்கே போகிறது. ஒருவர் தாமே பெரிதும் கூட்டக்கூடியது உடலுழைப்பு ஒன்றே.