ஆண்டாளின் 'கில்லேன்', ஆங்கிலத்தின் 'நில்'

மறுப்பை வினைக்குள்ளேயே வைத்துச் சொல்லும் வழக்கம் பழைய ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் இன்றும் இருக்கிறது. ஷேக்ஸ்பியர் ஆண்ட 'நில்' என்ற வினையையும், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில் வரும் 'வாழகில்லேன்' என்பதையும் ஒப்பிட்டால், இரு மொழிகளும் வழி பிரிந்த இடம் தெரியும்.

பழைய ஆங்கிலத்தில் 'வில்' என்றால் விரும்புதல். அதன் முன்னே 'நெ' என்ற மறுப்புச் சொல் ஒட்டி, இரண்டும் கரைந்து பிறந்தது 'நில்': விரும்பேன், மாட்டேன். ஆல்பிரட் மன்னர் (871–899) காலத்து ஆங்கிலத்தில் இத்தகைய வினைகள் பல. பிற்காலத்தில் 'நாட்' என்ற தனிச்சொல் மறுப்புப் பொறுப்பை ஏற்றதும் அவை வழக்கிழந்தன. 'விரும்பினாலும் விரும்பாவிட்டாலும்' என்ற பொருளில் வரும் 'வில்லி-நில்லி' என்ற தொடரில் மட்டும் 'நில்' ஒட்டிக்கொண்டிருக்கிறது.

'கில்' என்பது ஆற்றலைக் குறிக்கும் பழைய தமிழ் வினை. 'ஏன்' விகுதி சேர்ந்து 'கில்லேன்' ஆனால், இயலேன் என்று பொருள். இங்கே தனி மறுப்புச் சொல் கண்ணில் படாது. எதிர்மறை ஆகாரம் புணர்ந்து கெட்டது என்பது இலக்கண விளக்கம். காலம் காட்டும் இடைநிலையும் கிடையாது. 'உண்டோம்', 'உண்கிறோம்', 'உண்போம்' ஆகிய மூன்றுக்கும் எதிராக 'உண்ணோம்' என்ற ஒரே சொல் போதும். ஆங்கில 'நில்'லுக்கோ 'நோல்ட்' என்று தனி இறந்தகாலம் இருந்தது. மறுப்பைச் சேர்த்தும் ஆங்கிலம் காலத்தை விடவில்லை, தமிழ் விட்டுவிட்டது.

'கில்லேன்' வழக்கொழிந்தாலும் அதன் அச்சு மாறவில்லை. 'மாட்டு' என்ற வினைக்கும் முன்பு இயலுதல் என்ற பொருள் இருந்தது. அந்த உடன்பாட்டு வழக்கு போய்விட்டது. மறுப்பான 'மாட்டேன்' நிலைத்துவிட்டது. சிவகாசியில் "நமுத்த சரம் வெடிக்காது" என்றாலும், "நாளைக்கு வேலைக்கு வரமாட்டேன்" என்றாலும், வாயில் வருவது ஆண்டாள் கையாண்ட அதே எதிர்மறை வினைமுற்றுதான்.

ஆங்கிலத்தில் சொல்லோடு அமைப்பும் அழிந்தது. தமிழில் சொல் போனாலும் அமைப்பு பிழைத்தது. ஆகவே விருதுநகர் மாவட்டத் தமிழாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: எதிர்மறை வினைமுற்றை நடத்தும்போது நூற்பாவில் தொடங்காதீர்கள். 'வெடிக்காது', 'மாட்டேன்' என்று பிள்ளைகள் பேசும் சொல்லில் தொடங்கி, அங்கிருந்து ஆண்டாளிடம் அழைத்துச் செல்லுங்கள்.