காலத்தின் இயல்பா? அமெரிக்கச் சிறுவர் அசைவூட்டப் படங்களில் இனவார்ப்புருக்களும் சமகால எதிர்ப்பும்

ஆய்வுச்சுருக்கம்

அமெரிக்க அசைவூட்டப் படங்களில் இடம்பெற்ற இனவார்ப்புருக்களை ‘அக்காலத்தின் இயல்பு’ எனக் கொண்டு அமைதி காண்பது வழக்கம். படங்கள் வெளிவந்த காலத்திலேயே எழுந்த எதிர்ப்புகளையும் அவற்றுக்குத் தயாரிப்பு நிறுவனங்கள் அளித்த மறுமொழிகளையும் ஒருங்கே நோக்கி, அவ்வமைதி வரலாற்றுச் சான்றுகளுக்குப் பொருந்தாது என இக்கட்டுரை நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: அசைவூட்டப் படம், இனவார்ப்புரு, டிஸ்னி, எதிர்ப்பு, தணிக்கை.

முன்னுரை

ஒரு மக்களினத்தை மாறாத சில அடையாளங்களுக்குள் அடக்கிக் காட்டும் சித்திரிப்பை இக்கட்டுரை ‘இனவார்ப்புரு’ எனக் குறிக்கிறது. சிறுவர் படங்களில் இதன் விளைவு தனித்தன்மை உடையது. தாம் நேரில் கண்டறியாத மக்களைக் குழந்தைகள் முதன்முதலாகத் திரையில் சந்திக்கின்றனர். ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ள அவர்களிடம் வேறு படிமம் இல்லை. எனவே, இப்படங்களின் குறையைக் காலத்தின் மீது ஏற்றுவது தகுமா என்னும் வினா, திரைப்பட வரலாற்றோடு வகுப்பறையையும் சார்ந்ததாகிறது.

வார்ப்புருவின் மேடை மூலம்

1941இல் வெளிவந்த ‘டம்போ’ இதற்குத் தக்க சான்று. அதில் சர்க்கஸ் கூடாரம் எழுப்பும் கறுப்பினத் தொழிலாளர்க்கு முகம் வரையப்படவில்லை. தாம் எழுதப் படிக்க அறியாதவர், பெற்ற கூலியை வீணடிப்பவர் என அவர்களே களித்துப் பாடுகின்றனர். பின்னர் வரும் காக்கைக் கூட்டத்தின் தலைவனுக்குத் தயாரிப்பின்போது சூட்டப்பட்ட பெயர் ‘ஜிம் குரோ’. அவனுக்குக் குரல் கொடுத்த கிளிஃப் எட்வர்ட்ஸ் வெள்ளையர்.

அப்பெயர் தற்செயலானதன்று. வெள்ளை நடிகரான தாமஸ் ரைஸ், முகத்தில் கரி பூசி 1830களில் ஆடிப் புகழ்பெற்ற பாத்திரத்தின் பெயர் அது. பின்னர்த் தென்மாநிலங்களின் இனப்பிரிவினைச் சட்டங்களைக் குறிக்கும் பெயராகவும் அது நிலைபெற்றது. ஆக, மேடைக் கேலியிலிருந்து சட்டத்திற்குச் சென்ற ஒரு சொல் குழந்தைகள் படத்தின் தயாரிப்புத் தாள்களுக்கும் வந்து சேர்ந்துள்ளது. இதனை ஓவியர்களின் அறியாமை எனக் கொள்ள இயலாது.

சமகால எதிர்ப்புகள்

‘எவரும் அன்று தவறென எண்ணவில்லை’ என்னும் கூற்றை மறுக்கும் சான்றுகள் பல. 1933இல் வெளிவந்த ‘மூன்று குட்டிப் பன்றிகள்’ படத்தில் ஓநாய் யூதத் தெருவணிகராக வேடமிட்டு வருகிறது. இக்காட்சிக்கு அமெரிக்க யூதக் காங்கிரஸ் தரப்பிலிருந்து எதிர்ப்புக் கடிதம் சென்றது. நிறமுடைய மக்களின் முன்னேற்றத்திற்கான தேசியச் சங்கம், 1943இல் பாப் கிளாம்பெட் இயக்கிய ‘கோல் பிளாக்’ குறும்படத்தைத் திரும்பப் பெறுமாறு வார்னர் நிறுவனத்தைக் கோரியது. வால்டர் லான்ட்ஸ் 1941இல் தயாரித்த குறும்படமொன்று மறுவெளியீடு கண்டபோது, 1948இல் அதே சங்கம் எதிர்த்தது. மறுஆண்டு யுனிவர்சல் நிறுவனம் அப்படத்தை விலக்கிக்கொண்டது.

நடிப்பும் அசைவூட்டமும் கலந்த ‘சாங் ஆஃப் தி சவுத்’ 1946இல் அட்லாண்டாவில் முதன்முதல் திரையிடப்பட்டது. இனப்பிரிவினைச் சட்டம் நிலவிய அந்நகர விழாவில் முதன்மை நடிகரான ஜேம்ஸ் பாஸ்கெட் இடம்பெறவில்லை. படத்தின் கலைத்திறனை ஏற்றுக்கொண்ட சங்கத்தின் நிர்வாகச் செயலாளர் வால்டர் ஒயிட், அது அடிமைமுறையை அழகுபடுத்திக் காட்டும் அபாயத்தைக் கண்டித்தார். நியூயார்க்கில் திரையரங்கின் முன் மறியலும் நடைபெற்றது. கறுப்பின இதழ்களில் கருத்து ஒருமித்திருக்கவில்லை. பாஸ்கெட்டின் நடிப்பைப் போற்றியோரும் இருந்தனர். அக்காலத்தில் நிலவியது ஒருமித்த ஏற்பன்று, விவாதமே என்பதற்கு இவ்வேறுபாடும் சான்றாகிறது.

நிறுவனங்களின் மறுமொழி

நிறுவனங்களின் மறுமொழியைத் திருத்தல், மறைத்தல், அறிவித்தல் என மூவகைப்படுத்தலாம்.

‘மூன்று குட்டிப் பன்றிகள்’ படத்தின் ஓநாய்க் காட்சி 1948இல் புதிதாக வரையப்பட்டது. ‘ஃபேன்டசியா’ (1940) படத்தில் வெள்ளைப் பெண்குதிரை மாந்தர்க்குப் பணிவிடை செய்த கறுப்பினச் சிறுமி, 1969 மறுவெளியீட்டில் நீக்கப்பட்டாள். ‘அலாதீன்’ (1992) தொடக்கப் பாடலில் காதை வெட்டுவது பற்றிய வரி, அரபு அமெரிக்கர் அமைப்பின் எதிர்ப்பால் 1993 ஒளிநாடாப் பதிப்பில் மாற்றப்பட்டது. ஆயின் அந்நாட்டைக் காட்டுமிராண்டித்தனமானது என்னும் அடைமொழி நீடித்தது. திருத்தம் எதிர்ப்பின் ஒரு பகுதியையே ஏற்றது என்பதை இது காட்டுகிறது.

மறைத்தலும் முழுமையானதன்று. ‘சாங் ஆஃப் தி சவுத்’ அமெரிக்காவில் வீட்டு ஒளிப்பதிவாக வெளியிடப்படவே இல்லை. எனினும் அதன் விலங்குப் பாத்திரங்களைக் கொண்ட நீர்ச்சறுக்கு விளையாட்டு 1989இல் டிஸ்னிலேண்டில் திறக்கப்பட்டுப் பல்லாண்டுகள் இயங்கியது. விவாதத்திற்குரிய படம் கண்மறைவில் இருக்க, அதன் வருவாய் தொடர்ந்தது.

அறிவிப்பு முறையே இவ்வாய்வுக்கு மிகவும் இன்றியமையாதது. 2019இல் தொடங்கிய டிஸ்னி பிளஸ் இணையத்தளம், பழைய படங்களில் ‘காலங்கடந்த’ சித்திரிப்புகள் இருக்கலாம் என்று மட்டும் குறித்தது. பிழை காலத்தினுடையதாயிற்று. 2020 அக்டோபரில் வந்த விரிந்த அறிவிப்போ, அவ்வார்ப்புருக்கள் அன்றும் தவறு, இன்றும் தவறு என வெளிப்படையாக ஏற்றது. 1946இல் வால்டர் ஒயிட் முன்வைத்த நிலைப்பாட்டுக்கு நிறுவனம் வந்துசேர எழுபத்து நான்கு ஆண்டுகள் ஆயின. இவ்வேற்பும் உறுதியாக நிலைக்கவில்லை. 2025 பிப்ரவரியில் வாசகம் மீண்டும் மென்மையாக்கப்படுவதாகச் செய்திகள் வந்தன.

முடிவுரை

மேற்கண்ட சான்றுகளால் பெறப்படுவன இரண்டு. முதலாவது, ‘காலத்தின் இயல்பு’ என்னும் விளக்கம் அக்காலத்து வெள்ளைப் பார்வையாளர் சிலரின் நோக்கையே காலம் முழுமையின் நோக்காக்குகிறது. இழிவுபடுத்தப்பட்டோரும் அதே காலத்தில்தான் வாழ்ந்தனர், பேசினர். இரண்டாவது, திருத்தலும் மறைத்தலும் வார்ப்புருவை மட்டுமன்றி அதனை எதிர்த்தோரின் வரலாற்றையும் பார்வையிலிருந்து அகற்றுகின்றன. 2020 அறிவிப்பும் தவறு என்றதே தவிர, அதனை முதலில் தவறென்றவர் யார் எனக் கூறவில்லை. இப்படங்களைப் பாடமாக்கும் ஆசிரியர், படத்தோடு அதற்கெதிரான கடிதத்தையும் மறியலையும் சேர்த்தே கற்பித்தல் வேண்டும். அவ்வாறு கற்பிக்கும்போதுதான், அவமதிப்பு நிகழ்ந்ததோடு மறுப்பும் நிகழ்ந்தது என்னும் முழு வரலாறு மாணவர்க்குக் கிட்டும்.