காதும் கையும்: ஒட்டுறுப்பு அறுவை வைத்தியத்தில் வினாவின் ஸ்தானம்

கொற்கையின் பெருமையைப் பேசுவோர் முத்தில் தொடங்கிப் பாண்டியரில் முடிப்பது வழக்கம். கி.பி. முதல் நூற்றாண்டில் பெயர் தெரியாத கிரேக்க வணிகன் ஒருவன் எழுதிவைத்த பெரிப்ளூஸ் என்னும் கடல்வழிக் குறிப்பில் இத்துறையின் முத்துக்குளிப்பு இடம்பெற்றிருப்பதையும், கடலில் மூழ்கியவர்கள் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்று அவன் சொல்வதையும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் கால்டுவெல் ஐயர் இவ்வூர் மண்ணைத் தோண்டி ஆராய்ந்ததையும் விரித்துரைப்பார்கள். நான் எடுத்துக்கொள்வது அத்தொழிலின் ஓரத்தில் நின்ற ஒரு சிறிய உத்தியோகம். தாமிரபருணியின் வண்டலால் கடல் சில மைல் பின்வாங்கித் தொழில் தூத்துக்குடிக்குப் பெயர்ந்த பிறகும், இக்கரையிலும் மன்னார்க் கடலின் அக்கரையிலும் நடைபெற்ற முத்துச் சலாபங்களில், சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுவதாகச் சொல்லிக்கொண்ட கடல்கட்டி என்னும் பரம்பரை மனிதன் இல்லாமல் குளியாட்கள் நீரில் இறங்க மாட்டார்கள். மந்திரத்தில் எள்ளளவும் நம்பிக்கையில்லாத ஆங்கில அரசாங்கமுங்கூட, அவன் இல்லையேல் சலாபம் நடவாது என்பதறிந்து அவனை வேலைக்கு வைத்துக்கொண்டது. 1807இல் வெளியான தம் இலங்கை நூலில் கார்டினர் என்பார், இத்தகையோர் இருவர் அமர்த்தப்பட்டிருந்ததாகவும், ஒருவர் தலைமைப் படகோடு கடலுக்குச் செல்ல, மற்றவர் கரையிலிருந்து சடங்கு செய்ததாகவும் எழுதுகிறார்.

கடல்கட்டியின் சொல் சுறாவைத் தடுத்ததோ இல்லையோ, அச்சத்தைத் தடுத்தது. அந்த அளவில் அது பயனுள்ள சொல்லே. வைத்தியருடைய சொல்லும் இந்த ஜாதியைச் சேர்ந்ததுதானா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. அறுவைக் கூடத்துக்குத் தள்ளிச் செல்லப்படும் நோயாளியிடம் ‘ஒன்றும் பயப்படாதீர்கள், எல்லாம் நல்லபடியாக முடியும்’ என்று சொல்லும் வழக்கமும், அதற்கு எதிரொலியாக ‘நீங்க பார்த்துச் செய்யுங்க டாக்டர்’ என்று உறவினர் கைகூப்பும் வழக்கமும் நம்மிடையே வேரூன்றிப்போனமையால், நோயாளியோடு பேசுவதென்பது தைரியமூட்டும் ஓர் உபசாரம் என்றும், அறுவையின் சாஸ்திரம் அதற்கு அப்பால் தொடங்குகிறது என்றும் கற்றவர்களே கருதுகிறார்கள். குடல்வால் அழற்சிக்கு இது ஒருவாறு பொருந்தலாம். வீங்கிய குடல்வாலை எடுத்துவிட வேண்டும் என்பதை நோயே நிர்ணயித்துவிடுகிறது. பிளாஸ்டிக் சர்ஜரி என்று மக்கள் வழங்கும் ஒட்டுறுப்பு அறுவை வைத்தியத்தில் நிலைமை வேறு. அங்கே செய்ய வேண்டியது இன்னது என்பதைப் பெரும்பாலும் நிர்ணயிப்பது நோயன்று. அந்த உறுப்பைக் கொண்டு அம்மனிதன் வாழப்போகும் வாழ்வு. ஆகவே அவனைக் கேளாமல் செய்யும் அறுவை, தையல் எவ்வளவு நுட்பமாயினும், பாதி அறிந்து செய்த அறுவையே என்பது என் அபிப்பிராயம்.

இதற்கு நம் பக்கத்துக் காதுகளே முதற்சான்று. திருநெல்வேலிச் சீமைப் பெண்டிர் காதை வளர்த்துப் பாம்படமும் தண்டட்டியும் அணிந்த காலம் ஏறத்தாழ முடிந்துவிட்டது. குழந்தைப் பருவத்திலேயே காது குத்தி, துளையைப் படிப்படியாகப் பெருக்கி, ஈயக் குணுக்கு மாட்டி, மடல் வளையமாகித் தோளை எட்டும்வரை நீட்டுவார்கள். அவ்வளையம் அறுந்துபோவதுண்டு: சில வேளை பொன்னின் பாரத்தால், சில வேளை இடுப்பிலிருக்கும் பேரக்குழந்தை பற்றியிழுப்பதால், சில வேளை பறித்துக்கொண்டோடும் திருடனால். அறுந்த காதோடு இரண்டு கிழவிகள் ஒரே நாளில் ஒரே வைத்தியரிடம் வருவதாகக் கொள்வோம். ஒருத்தி பட்டணத்து மகன் வீட்டில் குடியேறப் போகிறவள். தொங்கும் சதையை நீக்கிக் கம்மல் போடும்படியாகச் சிறு மடல் ஒன்று அமைந்தால் போதும் என்கிறாள். மற்றவளுக்கோ அறுந்த இரு முனைகளும் சேர்ந்து வளையம் மீள வேண்டும். அவள் தாய் போட்ட பாம்படம் பெட்டியில் கிடக்கிறது. அதைப் போடாத காதோடு ஒரு கல்யாண வீட்டு வாசலை மிதிக்க அவளுக்கு மனம் வரவில்லை. காயம் ஒன்று; அறுவைகள் இரண்டு; ஒன்றுக்கொன்று நேர்மாறானவை. வெட்டி எறிய வேண்டிய சதை ஒருத்திக்கு எதுவோ, அதுவே மற்றவளுக்குக் காப்பாற்ற வேண்டிய சதை. கேளாத வைத்தியர் இருவருக்கும் ‘சாதாரணமான’ மடல் ஒன்றைச் செய்து அனுப்பிவிட்டு, இரண்டும் வெற்றி என்று எழுதிக்கொள்வார்.

இரண்டாமவளுக்கு இன்னொன்றும் சொல்லியாக வேண்டும்: ஒட்டிய இடம் தழும்பாகும், தழும்பு பழைய தோலைப் போலப் பாரம் தாங்காது, பாம்படத்தின் எடையைக் குறைக்காவிட்டால் மறுபடியும் அறும். இதைக் கேட்டு அவள் முகம் வாடும். கடல்கட்டி இந்த வாக்கியத்தைச் சொல்லியிருக்க மாட்டான். வைத்தியர் சொல்லக் கடமைப்பட்டவர்.

காது மடலை இணைக்கும் கலை இந்நாட்டில் மிகப் பழமையானது. சுசுருத சம்ஹிதையின் சூத்திரஸ்தானத்தில் பதினாறாம் அத்தியாயம் அதற்கென்றே 15 வகைகளை வகுத்து, அதே அத்தியாயத்தில் மூக்கைப் புதிதாக அமைக்கும் முறையையும் கூறுகிறது. மேனாட்டார் அந்த மூக்கைக் கொண்டாடுவதும், நம்மவர் அக்கொண்டாட்டத்தை மேற்கோள் காட்டி மகிழ்வதும் அலுத்துப்போன காட்சிகள். எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது அதே ஸ்தானத்தின் பத்தாம் அத்தியாயத்தில் உள்ள ஒரு வகுப்பு. நோயை அறியும் உபாயங்கள் ஆறு என்று அங்கே எண்ணப்படுகின்றன. ஐம்புலன்களால் அறிவன ஐந்து, ஆறாவது வினா. கண்ணும் செவியும் விரலும் எட்டாத ஓரிடத்தை எட்டுவதற்குரிய தனிக்கருவியாகவே வினா அங்கு வைக்கப்பட்டிருக்கிறது; மரியாதைக்காகக் கேட்கும் குசலம் அன்று அது.

இக்கருவியைத் தமிழ்நாட்டில் முறைப்படி பிரயோகித்த சரித்திரத்துக்கு வேலூரைத்தான் நாட வேண்டும். 1914இல் கொல்லிமலையில் மிஷனரிக் குடும்பத்தில் பிறந்து, லண்டனில் அறுவை பயின்று, 1946இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்த பால் பிராண்டு, ஒட்டுறுப்பு நிபுணர் என்ற பட்டம் சூட்டிக்கொண்டவர் அல்லர். எலும்பும் மூட்டும் அவருடைய துறை. எனினும் தொழுநோயால் மடங்கிய கைக்கும், சரிந்த மூக்குக்கும், உதிர்ந்த புருவத்துக்கும் அவரும் அவர் சகாக்களும் செய்தவை முழுக்க முழுக்க இத்துறையின் வேலைகளே. 1947இல் செங்கல்பட்டுத் தொழுநோய் இல்லத்துக்கு டாக்டர் காக்ரேனைக் காணச் சென்றபோது, கழுகின் நகம்போல் மடங்கிப்போன கையுடைய ஒருவரிடம் தம் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார் பிராண்டு. அழுத்திய அழுத்தில் அவருக்கு வலித்துவிட்டது. செத்ததென்று எல்லோரும் கருதிய கையில் அவ்வளவு வலு இருந்தது. முன்கையின் தசைகள் பல உயிரோடு இருப்பதும், உள்ளங்கையின் சிறு தசைகளே வாதப்பட்டிருப்பதும் அதிலிருந்து விளங்கத் தொடங்கின. நோயாளியை ஒரு காரியம் செய்யச் சொல்லிக் கேட்டதில் பிறந்த கண்டுபிடிப்பு அது.

அதன்பின் உருவான அறுவையைச் சற்று அருகில் நின்று பார்ப்போம். மணிக்கட்டை நிமிர்த்தும் தசைகளில் ஒன்றின் நாரை அதன் பழைய பற்றிலிருந்து விடுவித்து, காலிலிருந்து எடுத்த மெல்லிய நாரொன்றை அதனோடு இணைத்து நீளமாக்கி, அதை நான்கு கிளைகளாகப் பிரித்து, விரலுக்கொன்றாகக் கொண்டுபோய்த் தைக்கிறார்கள். சில வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்தபின்தான் உண்மையான வேலை ஆரம்பமாகிறது. ஏனெனில் அந்தத் தசை இதுவரை மணிக்கட்டை நிமிர்த்தி வந்தது. இனி அது விரலை அதன் அடிக்கணுவில் மடக்க வேண்டும். மூளைக்கு இந்த மாற்றம் தெரியாது. ‘விரலை மடக்கு’ என்றால் நோயாளியால் முடிவதில்லை. ‘மணிக்கட்டை நிமிர்த்து’ என்று சொல்ல, அவர் அப்படியே முயல, விரல்கள் கணுவில் மடங்குகின்றன. இதைப் பலகாலும் சொல்லி, செய்வித்து, அவர் மனத்தில் பழக்கமாக்க வேண்டும். கத்தி செய்த காரியத்தைச் சொல்தான் முடித்துவைக்கிறது. பேச்சு அறுவைக்குப் புறம்பானது என்பவர்கள் இக்கட்டத்தைக் கண்ணால் கண்டவர்களாக இருக்க முடியாது.

ஆயினும் வேலூரின் பெரும்பாடம் கூடத்துக்கு வெளியே கிடைத்தது. விரல் விரிந்து வீடு திரும்பிய சிலர் மீண்டும் வந்து முறையிட்டனர். மடங்கிய கைக்கு விழுந்த பிச்சைக் காசு திருந்திய கைக்கு விழவில்லை. தழும்பைக் கண்டு அஞ்சி வேலை கொடுப்பாருமில்லை, குடியிருக்க இடங் கொடுப்பாருமில்லை. அறுவை வெற்றி, அம்மனிதனுக்கு அது ஜீவனோபாய நஷ்டம். இந்த முறையீட்டைச் செய்நன்றி மறந்த பேச்சென்று தள்ளிவிடுவது எளிது. பிராண்டு அதைத் தம் சிகிச்சையின் குறையாக எடுத்துக்கொண்டார். 1951இல் வேலூரில் தொடங்கிய நவஜீவ நிலையம் அதன் விளைவு. அங்கே தச்சும் மரப்பொம்மை செய்தலும் கற்பிக்கப்பட்டன. உளி பிடிக்கும் கைக்கு எந்தப் பிடி வேண்டும், எவ்விடத்தில் கொப்புளம் எழும் என்பதெல்லாம் பட்டறையிலிருந்து அறுவைக் கூடத்துக்குத் திரும்பிவந்த செய்திகள்.

தொழுநோயாளியின் சதையே அழுகும் தன்மையது என்ற கொள்கை உடைந்ததும் இப்படித்தான். இரவில் முழுதாயிருந்த விரல் காலையில் குறைந்திருப்பதைக் கண்டு, காவலிருந்து பார்த்தபோது, உணர்ச்சியற்ற விரலை எலி கடித்துத் தின்பது தெரிந்தது. வீடு திரும்புவோருக்குப் பூனை கொடுத்தனுப்பினார்கள். மருந்துச் சீட்டில் பூனை இடம்பெற்ற சிகிச்சை முறை உலகில் வேறெங்கேனும் உண்டோ, நான் அறியேன்! உங்கள் சதை கெட்டதன்று, அதற்கு வலி தெரியாது, ஆதலால் வலியின் வேலையைக் கண் செய்ய வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் விளங்கச் சொன்னது பூனையைவிட அதிக விரல்களைக் காத்திருக்கும் என்றே நினைக்கிறேன். பிராண்டு பிற்காலத்தில் நினைவுகூர்ந்த ஒரு சம்பவமும் இங்கே பொருந்தும். ஒரு நோயாளியின் தோளில் கைவைத்துச் சிகிச்சையை அவர் விளக்கிக்கொண்டிருக்க, அம்மனிதர் விம்மி அழத் தொடங்கினார். தாம் ஏதேனும் தவறாகச் சொல்லிவிட்டோமோ என்று அவர் கலங்கியபோது, பல ஆண்டுகளாக யாரும் தம்மைத் தொட்டதில்லை, அதனால் அழுகிறார் என்று உடனிருந்தவர் கேட்டுச் சொன்னார். கேட்டிராவிட்டால் அந்த அழுகைக்கு அறுவை பற்றிய அச்சம் என்றே பொருள் கொண்டிருப்பார்கள்.

1954இல் நேர்ந்த விபத்தொன்றில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த பின், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தவர் டாக்டர் மேரி வர்கீஸ். அவரிடம் வந்த நோயாளிக்குத் தன் நிலை இவருக்குப் புரியுமா என்ற ஐயம் எழ இடமே இராது. மற்ற வைத்தியர்களுக்கு அச்சலுகை இல்லை. அவர்கள் கேட்டே அறிய வேண்டியவர்கள்.

தொழுநோயை விட்டு, நாள்தோறும் வரும் பிளந்த உதட்டுக் குழந்தையை நோக்கினாலும் இதே உண்மை வேறு வடிவில் தோன்றுகிறது. உதட்டை ஏறத்தாழ மூன்றாம் மாதத்திலும் அண்ணத்தை ஒரு வயதை ஒட்டியும் தைப்பது வழக்கம். குழந்தைக்குப் பேச்சில்லை, பேச வேண்டியது தாயோடு. அவளோ கர்ப்பகாலத்தில் கிரகணத்தன்று வெளியே வந்தாள், அரிவாள்மனையைத் தொட்டாள் என்று மாமியாராலும் அண்டை வீட்டாராலும் குற்றஞ்சாட்டப்பட்டுத் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறாள். அவளைத் தனியே அழைத்து இது மூடநம்பிக்கை என்று சொல்வதால் பயன் சிறிது. கருவில் முகத்தின் பகுதிகள் ஒன்றுசேரும் ஆரம்ப வாரங்களில், அவளுக்குத் தான் கருவுற்றிருப்பதே சரியாகத் தெரியாத காலத்தில், நேர்ந்துவிட்ட குறை இது என்பதை அந்த மாமியாரின் முன்னிலையில், அவர் மனம் நோகாதபடி ‘அம்மா, நீங்களும் கேளுங்கள்’ என்று மரியாதையாக அழைத்துச் சொல்ல வேண்டும். பால் புகட்டும் விதத்தையும் மாமியாரிடமே காட்டிக்கொடுப்பது யுக்தி. தாயின் மீதுள்ள பழி நீங்கினால்தான் அடுத்த அறுவைக்குக் குழந்தை உரிய காலத்தில் கொண்டுவரப்படும்.

சட்டம் இதில் ஓரெல்லை வரையில் துணைசெய்கிறது. நோயைக் கண்டறிவதற்கான சோதனைக்குக் கொடுத்த சம்மதம் உறுப்பை நீக்குவதற்குச் சம்மதமாகாது என்றும், தாயின் சம்மதம் வயதுவந்த மகளின் சம்மதத்துக்கு ஈடாகாது என்றும் 2008இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயின் சட்டம் கேட்பது நோயாளியின் கையெழுத்தை. அவர் வேண்டுவது என்ன என்பதைச் சம்மதப் பத்திரத்தில் எழுத இடமில்லை. செய்யப்போவது என்ன என்பதற்கே இடமுண்டு.

இவ்வளவு பேசுவதற்கு அவகாசம் ஏது என்ற ஆட்சேபம் நியாயமானது. அரசாங்க மருத்துவமனையின் புறநோயாளிப் பகுதியில் விடியற்காலையிலேயே வரிசை நின்றுவிடுகிறது. வைத்தியர் ஒவ்வொருவருக்கும் சில நிமிஷங்களே தர இயலும். நான் வேண்டுவது நீண்ட உரையாடலை அன்று. நோயாளியின் குறிப்பேட்டில் தொழில் என்று ஒரு கட்டம் ஏற்கெனவே இருக்கிறது. இப்பகுதியில் அதில் பெரும்பாலும் ‘கூலி’ என்ற ஒரே சொல்லை எழுதி முடித்துவிடுகிறார்கள். உப்பளத்தில் பலகைகொண்டு உப்பு வாருகிறவளும், சங்கு குளிக்கிறவனும், பனையேறுகிறவனும், துறைமுகத்தில் மூட்டை சுமக்கிறவனும் அக்கட்டத்தில் ஒருவராகிவிடுகிறார்கள். வெந்து ஒட்டிப்போன விரலை எந்தக் கோணத்தில் விடுவித்து வைப்பது என்பது இந்நால்வருக்கும் நான்கு விதம்: உப்பு வாருகிறவளுக்கு நீண்ட காம்பைச் சுற்றி மூடும் கை வேண்டும், பனையேறிக்கு மரத்தை அணைத்துத் தாங்கும் பிடி வேண்டும், சங்கு குளிப்பவனின் விரல்கள் கடலடி மணலைத் துழாவித் தடவிப் பார்க்க வேண்டும், ஆகையால் அவனுக்கு வலுவினும் விரல்நுனியின் உணர்ச்சி முக்கியம். சீட்டெழுதும் குமாஸ்தாவோ செவிலியோ ‘கூலி’ என்பதோடு நில்லாமல், ‘கையால் என்ன வேலை செய்வீர்கள்?’ என்று கேட்டு, வந்த பதிலை அவர்கள் சொன்னபடியே அக்கட்டத்தில் எழுதிவைத்தால், அறுவை செய்பவர் கத்தியை எடுக்குமுன் படிக்க வேண்டிய முதல் வரி அதுவாக இருக்கும்.