போதைப் பண்பாடும் சந்தையும்: சான்பிரான்சிஸ்கோ, 1966–1967

போதைப்பொருளின் வரலாறு பெரும்பாலும் சட்டத்தினதும் மருத்துவத்தினதும் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஆயின், ஒரு போதைப்பொருளைச் சுற்றி எழும் ஓவியம், இசை, உடை முதலியன வெகுசனப் பண்பாட்டினுட் புகுந்து, ஈற்றில் விற்பனைப் பண்டங்களாக மாறும் போக்கும் வரலாற்று மாணவரின் கவனத்துக்குரியது. இதற்குத் தக்க சான்றாக அமைவது ஐக்கிய அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரிலுள்ள ஹேயிற்–அஷ்பெரிப் பகுதியாகும்.

எல்.எஸ்.டி. எனும் பொருளை 1938 இல் சுவிற்சர்லாந்தின் சன்டோஸ் நிறுவன ஆய்வுகூடத்தில் அல்பேர்ட் ஹொவ்மன் என்ற இரசாயனவியலாளர் ஆக்கினார். அதன் உளவிளைவுகளை அவர் 1943 இலேயே கண்டறிந்தார். தொடக்கத்தில் உளமருத்துவ ஆய்வுக்கென வழங்கப்பட்ட இப்பொருள், 1960களில் ஆய்வுகூடத்தைக் கடந்து இளைஞரிடையே பரவியது. வியற்நாம் யுத்தத்தையும், பொருள் குவிப்பதையே நோக்காகக் கொண்ட வாழ்வையும் வெறுத்த மத்தியதர வர்க்கத்து இளைஞர் பலர் அதனை விடுதலையின் வாயிலாகக் கருதினர்.

போதையில் நிறங்கள் மிகைப்பட்டும் வடிவங்கள் நெளிந்தும் தோன்றும் அனுபவம் புதியதொரு காட்சிமொழிக்கு ஊக்கமளித்தது. 1966 இல் பில்மோர் மண்டப இசை நிகழ்ச்சிகளுக்கு வெஸ் வில்சன் வரைந்த சுவரொட்டிகளில் எழுத்துக்கள் தீச்சுவாலை போல் நெளிந்தன. எனினும் இக்கலையைப் போதையின் பேறு என்று மட்டும் கொள்ளுதல் தவறாகும். வியன்னா ஓவியர் அல்பிரட் றொல்லர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரைந்த எழுத்துக்களே வில்சனுக்கு முன்மாதிரியாயின. மரபும் பயிற்சியும் உருவாக்கிய கலைக்குப் போதை தன் பெயரைச் சூட்டியது எனலாம்.

சந்தை விரைந்து விழித்துக்கொண்டது. 1966 ஜனவரியில் ஹேயிற் வீதியில் திறக்கப்பட்ட 'சைக்கடெலிக் ஷொப்' நூல்கள், மணிமாலைகள், ஊதுபத்திகள், சுவரொட்டிகள் ஆகியவற்றை விற்றது. அவ்வாண்டு அக்டோபர் 6 ஆம் திகதி கலிபோர்னியா மாநிலத்தில் எல்.எஸ்.டி. சட்டவிரோதமாக்கப்பட்டது. சட்டம் பொருளைத் தடுத்ததேயன்றி அதன் பாணியைத் தடுக்கவில்லை. 1967 இல் அப்பகுதிவாசிகளை வேடிக்கை பார்க்கச் சுற்றுலாப் பேருந்துகள் வந்தன. இளைஞர் சிலர் பயணிகளின் முகத்துக்கு நேரே கண்ணாடியைப் பிடித்து எதிர்ப்புக் காட்டினர்.

அக்கோடையில் ஏறத்தாழ ஒரு இலட்சம் இளைஞர் அங்கு திரண்டனர் என மதிப்பிடப்படுகின்றது. உறையுளும் உணவும் போதவில்லை. நோயுற்றோருக்காகவும் போதையால் நிலைகுலைந்தோருக்காகவும் ஜூன் மாதத்தில் இலவச மருத்துவ நிலையமொன்று திறக்கப்பட்டது. அக்டோபர் 6 ஆம் திகதி 'ஹிப்பியின் மரணம்' என்ற பெயரில் பிரேதப்பெட்டி சுமந்து போலி இறுதி ஊர்வலமொன்றை அப்பகுதியினர் நடாத்தினர். பத்திரிகைகளும் வர்த்தகமும் படைத்த ஓர் உருவத்தையே அவர்கள் புதைக்க முயன்றனர். 'சைக்கடெலிக் ஷொப்'பும் மூடப்பட்டது.

ஆனால் அவ்வுருவம் மடியவில்லை. பீற்றர் மக்ஸ் என்ற ஓவியரின் வண்ணச் சித்திரங்கள் ஜெனரல் இலெக்றிக் நிறுவனத்தின் கடிகாரங்களை அலங்கரித்தன. செவன்–அப் குளிர்பானத்தின் விளம்பரப் பலகைகளும் அதே நெளிவையும் நிறங்களையும் கையாண்டன. போதையை என்றும் நாடாத குடும்பங்களின் வீடுகளிலும் அதன் வண்ணங்கள் இடம்பிடித்தன.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? நுகர்வுச் சமூகத்தை மறுத்தெழுந்த பண்பாட்டை அச்சமூகம் தடையினால் மட்டும் வெல்லவில்லை. அதனை விலைக்கு வாங்கியும் வென்றது. நிறத்தையும் இசையையும் சந்தை எடுத்துக்கொண்டது. யுத்த எதிர்ப்பும் பகிர்ந்துண்ணும் இலட்சியமும் விலைபோகா எனக் கைவிடப்பட்டன. சிதைந்த இளைஞரின் துயரோ எந்தக் கடையின் கணக்கேட்டிலும் இடம்பெறவில்லை.