பெட்டிக்கு வர்ணம் வந்த விருத்தாந்தம்

கம்ப்யூட்டர் என்னும் யந்திரம் வீடுகளுக்குள் பிரவேசித்த காலத்தில், வெண்மையென்றும் மஞ்சளென்றும் சாம்பலென்றும் உறுதியாகச் சொல்ல முடியாத ஒரு மங்கல் நிறத்தைத் தன்னோடு கொண்டுவந்தது. 1964-இல் ஐ.பி.எம். கம்பெனியார் வெளியிட்ட சிஸ்டம் 360 என்ற ராட்சஸ யந்திரத்தைச் சிவப்பிலும் நீலத்திலும் மஞ்சளிலும்கூட வாங்க முடிந்தது. ஆனால் 1977-இல் ஆப்பிள் 2-உம், 1981-இல் ஐ.பி.எம். பி.சி.யும் வந்த பிறகு, காரியாலய மேஜையின்மேல் கண்ணை உறுத்தாமல் அடங்கியிருப்பதே யந்திரத்துக்கு லட்சணம் என்று தீர்மானித்தவர்களைப்போல, உற்பத்தியாளர்கள் ஏறக்குறைய இருபது வருஷ காலம் அந்த மங்கலையே உலகம் முழுவதற்கும் விநியோகித்தார்கள். இதைச் சகிக்க மாட்டாமல் ஸ்ப்ரே டப்பாவும் கையுமாகக் கொல்லைப்புறத்துக்குப் புறப்பட்டவர்களின் கதை சுவாரசியமானது. அவர்கள் கையிலிருந்த டப்பாவின் கதை அதைக் காட்டிலும் சுவாரசியமானது.

வர்ணத்தைத் தூரிகையால் தடவாமல் காற்றின் பலத்தால் தூவும் வித்தையை உண்டாக்கியவர்கள், நேரத்தை மிச்சப்படுத்த நினைத்த தொழிற்காரர்கள். சிகாகோ நகரத்து மார்ஷல் பீல்டு அங்காடியில் பராமரிப்பு வேலைகளைக் கவனித்துவந்த ஜோசப் பிங்ஸ், நிலவறைச் சுவர்கள் அனைத்தையும் வெள்ளையடிக்க வேண்டிய நிர்ப்பந்தம் ஏற்பட்டபோது, கைப்பம்பினால் கலவையைப் பீய்ச்சியடிக்கும் உபாயத்தைக் கண்டார்; 1893-இல் அந்நகரில் கூடிய உலகப் பொருட்காட்சியின் பிரம்மாண்டமான கட்டிடங்கள் வெண்ணிறம் பெறவும் இத்தகைய யந்திரங்களே துணையாயின. ஓஹையோ மாகாணத்து டொலீடோவில் வசித்த டாக்டர் ஆலன் டிவில்பிஸ், நோயாளியின் தொண்டைக்குள் மருந்தைப் பனித்திவலையாகச் செலுத்தும் கருவியொன்றைச் செய்தார். அவருடைய குமாரர் தாமஸ், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தத் தத்துவத்தையே வர்ணத்துக்குப் பிரயோகித்து ஸ்ப்ரே கன்னை உருவாக்கினார்.

ஆயினும், தூவுவது மாத்திரம் விரைவானால் போதுமா? உலர்வதும் விரைவாக வேண்டாமா? எண்ணெய் வர்ணத்தையும் வார்னிஷையும் அடுக்கடுக்காகப் பூசி, ஒவ்வொரு பூச்சும் உலரும்வரை காத்திருந்து, தேய்த்து, மறுபடியும் பூசி ஒரு மோட்டார் வண்டியை முடிப்பதற்கு வாரக்கணக்கில் ஆயிற்று. 1923-இல் டியூபாண்ட் கம்பெனியார், வெடிமருந்துத் தொழிலில் தங்களுக்கு நெடுநாள் பரிச்சயமான நைட்ரோ செல்லுலோஸை ஆதாரமாகக் கொண்டு டியூகோ என்ற வர்ணத்தை வெளியிட்டவுடன் அந்தத் தாமதம் ஒழிந்தது. தூரிகை நகர்வதற்குள்ளாகவே உலர்ந்துவிடும் சுபாவமுடைய அந்தத் திரவத்தை வழவழப்பாகப் பூசுவதற்கு ஸ்ப்ரே கன்னே தகுந்த சாதனமாயிற்று. ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லண்டு வண்டிகள் 1924-க்குரிய மாதிரிகளில் நீல வர்ணத்தோடு வெளிவந்தன. 1914 முதல் பத்து வருஷத்துக்கு மேல் கருப்பையே விற்றுவந்த ஹென்றி போர்டுகூட 1926-க்குரிய வண்டிகளில் பிற நிறங்களுக்கு இடம் கொடுத்தார். நம் ஊர் டிங்கரிங் பட்டறைகளில் டியூகோ பெயிண்ட் என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை.

இத்தனையும் தொழிற்சாலைக்குரிய வைபவம். கம்ப்ரெஸரும் குழாயும் இல்லாத சாமானிய மனிதனுக்கு இந்த வித்தை எட்டியது, யுத்தத்தின் வழியாக வந்த பூச்சிமருந்து டப்பாவினால். நார்வே தேசத்து எரிக் ரோதைம் 1920-களிலேயே அழுத்திய வாயுவோடு திரவத்தை அடைக்கும் உபாயத்துக்குக் காப்புரிமை கோரியிருந்தார்; இரண்டாம் உலக யுத்தத்தில் மலேரியாக் கொசுவுக்கு அஞ்சிய அமெரிக்கப் படைகளுக்காக லைல் குட்ஹியூவும் வில்லியம் சல்லிவனும் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். 1949-இல் இல்லினாய் மாகாணத்து சிகமோர் என்னும் சிற்றூரில் எட்வர்டு செய்மர் என்ற பெயிண்ட் வியாபாரி, தம்முடைய அலுமினிய வர்ணத்தைக் காட்டுவதற்கு எளிய வழி தேடிக்கொண்டிருந்தபோது, அதையும் டப்பாவில் அடைத்தாலென்ன என்று யோசனை சொன்னவர் அவர் மனைவி போனி. பிற்பாடு ஓசோன் படலத்துக்கு ஊறு செய்யும் வாயுக்களை 1978-இல் அமெரிக்கா இத்தகைய டப்பாக்களிலிருந்து விலக்கியதனால், எளிதில் தீப்பற்றும் வாயுக்கள் அவற்றின் ஸ்தானத்தைப் பெற்றன.

1990-களின் பிற்பகுதியில், வாலிபர்கள் தத்தம் கம்ப்யூட்டரைச் சுமந்துகொண்டு ஓரிடத்தில் கூடி, கம்பிகளால் பிணைத்து விளையாடும் வழக்கம் பரவிற்று. நூறு யந்திரங்கள் வரிசையாக நிற்கையில் தன்னுடையது எது என்று தெரிய வேண்டுமென்ற ஆசை இயற்கையானதே. டப்பாவை அழுத்துவதோடு காரியம் முடிந்துவிடும் என்று நம்பி இறங்கியவன் விரைவில் தெளிவடைந்தான். பெட்டியைக் கழற்றி உள்ளுறுப்புக்களையெல்லாம் அப்புறப்படுத்தி, பழைய பூச்சின் பளபளப்பு மறையும்வரை உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய்ப் பசையைத் துடைத்து, பிரைமர் அடித்து, அது உலர்ந்தபின் மறுபடியும் மெல்லிய தாளால் தேய்த்து, அதன் பிறகே வர்ணத்தை மெல்லிய பூச்சுக்களாக ஏற்ற வேண்டும். ஒரே தடவையில் நிறைவாக அடித்தால் வர்ணம் கண்ணீராக வழியும். தகடு பொறுத்துக்கொள்ளும் கரைப்பானை முகப்பிலுள்ள பிளாஸ்டிக் பொறுக்காது. ஈரக்காற்று வீசும் நாளில் லாக்கர் வெளுத்துப் போவதைப் பட்டறைக்காரர் எவரும் அறிவர். தகடும் தகடும் பொருந்தும் விளிம்புகளிலும், மதர்போர்டைத் தாங்கும் இடங்களிலும் டேப் ஒட்டி மறைக்காவிட்டால், மின்தொடர்பு அற்று, பெட்டியின் கவசத் தன்மையே குறைந்துவிடும். காத்திருப்பை ஒழிப்பதற்காகத் தொழிற்சாலை கண்ட கருவியை எடுத்துக்கொண்டு, ஒழிந்த காத்திருப்பு முழுவதையும் அவன் மனமுவந்து மீட்டுக்கொண்டான் என்றே எனக்குத் தோன்றுகிறது. அத்தனை பிரயாசைக்குப் பிறகும், கருப்புப் பெட்டியின் நடுவே சி.டி. டிரைவின் மங்கல் நிற முகம் மாத்திரம் பல்லிளித்துக்கொண்டிருக்க, அதையும் கழற்றிக்கொண்டு மறுபடியும் கொல்லைக்கு நடந்தவர்கள் அநேகர்.

1998-இல் ஆப்பிளின் நீல ஐமாக் வந்தது. சில வருஷங்களில் மற்ற உற்பத்தியாளர்களும் மங்கலைக் கைவிட்டுக் கருப்புக்கு மாறினார்கள். கடையிலேயே வேண்டிய வர்ணம் கிடைத்ததனால், வீட்டில் பூசுபவர்களின் தொகை சுருங்கிற்று. இப்பொழுது எஞ்சியிருப்பவர்களில் ஒரு சாரார் பழைய யந்திரங்களைச் சேகரிப்பவர்கள். ஒளி பட்டுப் பழுத்த பிளாஸ்டிக்கை ஹைட்ரஜன் பெராக்சைடில் நனைத்து வெயிலில் வைத்து வெளுக்க முயல்கிறார்கள். அதற்கும் மசியாத பெட்டிகளுக்கு, ஐ.பி.எம். காலத்து மங்கல் நிறத்தைத் துல்லியமாகக் கலந்து தரச் சொல்லி, பெயிண்ட் கடைக்காரரிடம் மாதிரித் துண்டை நீட்டுகிறார்கள்.