144 தடை உத்தரவு

ஓரிடத்தில் மக்கள் கூடுவதையும் ஊர்வலம் போவதையும் முன்கூட்டியே தடுக்கும் நிர்வாக ஆணை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144ஆவது பிரிவால் இப்பெயர் வந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 163ஆவது பிரிவு அதன் இடத்தில் இருக்கிறது. மக்கள் வாயில் இன்னமும் 144தான்.

பிரிவு ஆங்கிலேயர் காலத்தது. 1917 ஏப்ரலில் அவுரி விவசாயிகளின் குறைகளைக் கேட்கச் சம்பாரண் சென்ற காந்தியை மாவட்டத்தை விட்டு வெளியேறச் சொன்னதும் இதன்கீழ் வந்த ஆணையே. அவர் மறுத்தார், வழக்கு திரும்பப் பெறப்பட்டது. ஆயுதமின்றி அமைதியாகக் கூடுவதை அரசமைப்பின் 19ஆவது கூறு உரிமையாக்கிய பிறகும் பிரிவு நீடித்தது. அது செல்லும் என 1961இல் பாபுலால் பராதே வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மாவட்ட ஆட்சியர், கோட்டாட்சியர் போன்ற நிர்வாக நடுவர்கள் ஆணை பிறப்பிப்பர். பெருநகரங்களில் காவல் ஆணையர். அவசரமென்றால் மறுதரப்பைக் கேட்க வேண்டியதில்லை. 2 மாதம் வரை செல்லும். மாநில அரசு மேலும் 6 மாதம் நீட்டிக்கலாம். ஆணை இருக்கிறது என்பதாலேயே கூட்டத்தைச் சுட்டுவிட முடியாது. கலைந்துபோகச் சொல்ல வேண்டும், மறுத்தால்தான் பலப்பிரயோகம், அதுவும் தேவையான அளவுக்கு மட்டும்.

தூத்துக்குடியில் இந்த ஒழுங்கு குலைந்தது. ஸ்டெர்லைட் தாமிர உருக்காலைக்கு எதிரான போராட்டத்தின் 100ஆம் நாளான 2018 மே 22 அன்று ஆட்சியர் அலுவலகம் நோக்கிப் பேரணி என்பது ஊரறிந்த செய்தி. 144 வந்ததோ முந்தைய இரவில், அதுவும் சில காவல் நிலைய எல்லைகளுக்கு மட்டும். மறுநாள் காலை குடும்பம் குடும்பமாகப் புறப்பட்டவர்களுக்கு அதை எடுத்துச்சொல்லப் போதிய அவகாசமே இல்லை. அன்றும் மறுநாளும் நடந்த காவல்துறை நடவடிக்கையில் 13 பேர் உயிரிழந்தனர். தூத்துக்குடியிலும் நெல்லை, கன்னியாகுமரி மாவட்டங்களிலும் இணையம் துண்டிக்கப்பட்டது. மே 28 அன்று ஆலையை மூட அரசு ஆணையிட்டது. காவல்துறை நடவடிக்கையை விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. தூண்டுதல் ஏதுமின்றி, ஓடிக்கொண்டிருந்தவர்கள் மீது சுட்டதாக அது கண்டறிந்து, காவல் அதிகாரிகள் மீதும் அப்போதைய ஆட்சியர் மீதும் நடவடிக்கைக்குப் பரிந்துரைத்தது.

காஷ்மீர் முடக்கம் தொடர்பான அனுராதா பாசின் வழக்கில் 2020 ஜனவரி 10 அன்று வந்த தீர்ப்பு இப்பிரிவுக்கு வலுவான கடிவாளம் இட்டது. நியாயமான கருத்தையோ குறைகூறலையோ ஒடுக்க 144ஐப் பயன்படுத்தக் கூடாது. ஆணையில் காரணம் இருக்க வேண்டும். அதை வெளியிட வேண்டும். ஒரே ஆணையைத் திரும்பத் திரும்பப் பிறப்பிப்பது அதிகார மீறல்.

கடைசி விதி தமிழ்நாட்டுக்கு மிகவும் பொருந்தும். இங்கே 144 இல்லாத நாளிலும் தடை ஓய்வதில்லை. மாவட்டங்களில் 1861ஆம் ஆண்டுக் காவல் சட்டத்தின் 30(2) பிரிவு, சென்னையில் 1888ஆம் ஆண்டு மாநகரக் காவல் சட்டத்தின் 41ஆவது பிரிவு. சென்னையில் 41ஆவது பிரிவின்கீழ் வரும் ஆணை 15 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. ஓர் ஆர்ப்பாட்டத்துக்கு 5 நாள் முன்பே காவல்துறையிடம் அனுமதி கேட்டு மனுக் கொடுக்க வேண்டியிருப்பது இதனால்தான்.